7+1 போட்டால் 0 வருகிறதா? கேரியைப் பாருங்கள்

மைன்கிராஃப்ட் விளையாட்டில் கட்டிய கூட்டி 7+1க்கு 8 தராமல் 0 தருகிறது, கொக்குவில் இன்டர்நெட்தான் பிழையோ என்று கேட்டிருந்தீர்கள். இன்டர்நெட்டில் பிழை இல்லை. ரெட்ஸ்டோன் (மைன்கிராஃப்டில் மின்சுற்றுப் போல் கட்டும் பொருள்) ஓடுவது சேர்வரில். உங்கள் 4 பிட் (நாலு இரும இலக்க) கூட்டியில், வலமிருந்து எண்ணினால் மூன்றாம் பிட்டின் கேரி, அதாவது அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் 1, நான்காவதற்குப் போய்ச் சேரவில்லை. 3+1 சரியாக 4 தருகிறது என்கிறீர்கள், அப்போ முதல் இரண்டு பிட்டும் நல்லம்.

பெரும்பாலும் அந்த வழியில் ரெட்ஸ்டோன் தூள் நீண்டிருக்கும். 15 கட்டைக்கு மேல் சிக்னல் போகாது. இடையில் சிக்னலைத் திரும்பப் பலப்படுத்தும் ரிப்பீட்டர் ஒன்று வையுங்கோ.

முதலில் 4+4 போட்டுப் பாருங்கள். அதுவும் 0 என்றால், மூன்றிலிருந்து நான்காவதற்குப் போகும் அந்த வழியில்தான் பிழை. 8 வந்தால், மூன்றாம் பிட்டுக்குள் வரும் கேரியைக் கடத்துகிற அன்ட் கேட்டில்தான் (இரண்டு உள்ளீடும் 1 என்றால் மட்டும் 1 தரும் சுற்று) பிழை.

ஒன்று, ரிப்பீட்டர் ஒவ்வொன்றும் குறைந்தது 0.1 செக்கன் தாமதம் சேர்க்கும். விடை நிலைத்தபிறகு வாசியுங்கள். சேர்வரில் சேர்வதற்காக இதைக் கட்டிக் காட்டும்போது, ரிப்பீட்டரை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று கேட்கக்கூடும். கேரி போகும் வழியைக் கொப்பியில் கீறி வைத்திருங்கள்.