‘வாங்குறதே வாங்குறோம்’

கேள்வி: என் மகள் வணிகவியல் படிப்பில் சேர்கிறாள். வகுப்பு தொடங்க இன்னும் மூன்று மாதம். லேப்டாப் பார்க்கப் போனபோது என் மனைவியின் தம்பியும் வந்தார். “வாங்குறதே வாங்குறீங்க மாமா, ஓஎல்இடி டச் ஸ்கிரீனா வாங்கிடுங்க” என்கிறார். கடையில் கூடுதலாக இரண்டு வருட வாரண்டியும், கீழே விழுந்து உடைந்தால் ஈடு தரும் திட்டமும் சேர்க்கச் சொல்கிறார்கள். எல்லாம் 24 மாதத் தவணை. மாதத்துக்குக் கொஞ்சம்தான் கூடுகிறது. ஏற்கெனவே போன், ஃப்ரிட்ஜ், டிவி என்று மூன்று தவணை ஓடுகிறது. மூன்றுக்கும் கூடுதல் வாரண்டி எடுத்திருக்கிறேன். மகள் இதுவரை இரண்டு போன் ஸ்கிரீனை உடைத்திருக்கிறாள். அவசரத்துக்கென்று நாலு மாதச் செலவுப் பணம் தனியாக இருக்கிறது. அது போக, லேப்டாப் விலையில் ஐந்தில் நாலு பங்கு சேமிப்பாகவும் இருக்கிறது. ஆனால் அதைத் தொட மனமில்லை. எந்த ஸ்கிரீன், எத்தனை வருட வாரண்டி என்று சொல்லுங்கள்.

பதில்: இரண்டுக்கும் பதில் இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது “மாதத்துக்குக் கொஞ்சம்தான் கூடுகிறது” என்ற வரி. போன், ஃப்ரிட்ஜ், டிவி மூன்றும் இந்த வாசல் வழியாகத்தான் உங்கள் வீட்டுக்குள் வந்திருக்கும். விலையைக் கேட்காமல் தவணையைக் கேட்பவரிடம் எதையும் விற்கலாம். அது விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய விலைப்பட்டியலை 100 கணக்குக்கு மாற்றிக்கொள்கிறேன். சாதாரண ஸ்கிரீன் உள்ள லேப்டாப் 100. ஓஎல்இடி டச் என்றால் 15 கூடும். இரண்டு வருடக் கூடுதல் வாரண்டி 12, உடைந்தால் ஈடு 8. ஆக 135. கடன் தருபவர் சொல்லும் வட்டி ‘வெறும் 10 சதவீதம்’, ஃப்ளாட். அதாவது அசல் மாதாமாதம் குறைந்தாலும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி. இரண்டு வருடத்துக்கு 27. மொத்தம் 162, மாதம் 6.75.

ஒன்றும் சேர்க்காமல் வாங்கினால் 120, மாதம் 5. வித்தியாசம் மாதம் 1.75. கடையில் உங்கள் காதில் விழுந்தது இந்த ஒன்றேமுக்கால்தான். 24 மாதத்தில் அது 42. கிட்டத்தட்ட இன்னொரு அரை லேப்டாப்! அந்த ‘வெறும் 10’ குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 18 சதவீதம் வருகிறது. உங்கள் சேமிப்பு எங்கே கிடந்தாலும் 18 சதவீதம் ஈட்டுவது கஷ்டம். அதைப் பத்திரமாக வைத்துவிட்டு இதைக் கடன் வாங்குவது, தண்ணீர்த் தொட்டியை மூடி வைத்துவிட்டு லாரித் தண்ணீர் வாங்குவது போல.

(வட்டியே இல்லாத தவணை இருக்கிறதே என்று உங்கள் மைத்துனர் அடுத்து சொல்வார். ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்று அதே கடையில் கேளுங்கள். அந்தத் தள்ளுபடிதான் வட்டி.)

இப்போது வாரண்டி. கூடுதல் இரண்டு வருடம் 12, அதன் மேல் வட்டி 2.4, ஆக 14.4. மதர்போர்டு போனால் மாற்ற 40 ஆகும் என்று விசாரித்து எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டாவது, மூன்றாவது வருடத்தில் மதர்போர்டு போவதற்கு மூன்றில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்பு இருந்தால்தான் இந்தப் பணம் தகும். அவ்வளவு மோசமான மாடல் என்றால் அதை ஏன் வாங்க வேண்டும்? தயாரிப்புக் கோளாறு பெரும்பாலும் முதல் சில மாதத்திலேயே தலை காட்டிவிடும். அது விலையோடு வரும் ஒரு வருட வாரண்டிக்குள் அடங்கும். முதலில் தேயும் பாகம் பேட்டரி. மூன்று வருட வாரண்டி என்று எழுதியிருந்தாலும், பல நிறுவனங்கள் பேட்டரிக்குத் தருவது ஒரு வருடம்தான்.

கூடுதல் வாரண்டியை யார் தருகிறார்கள் என்பதையும் பாருங்கள். லேப்டாப் செய்த நிறுவனமா, இடையில் நிற்கும் வேறொரு நிறுவனமா? என் சொந்தக் கதை ஒன்று. பதினாலாவது மாதம் மூடியைத் திறந்தபோது ‘டக்’கென்று சத்தம்; கீல் திருகு பிளாஸ்டிக்கோடு பிய்ந்து கையில் வந்துவிட்டது. இடையில் நின்ற நிறுவனத்திடம் கூடுதல் வாரண்டி எடுத்திருந்தேன். ‘வெளிப்புறச் சேதம், வாரண்டியில் வராது’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. நிபந்தனைத் தாளை அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். நிதி ஆலோசகன் என்று பெயர்!

செய்த நிறுவனமே தரும் கூடுதல் வாரண்டி என்றால், அதைப் பெரும்பாலும் முதல் வருடம் முடிவதற்குள் பிறகும் வாங்கிக்கொள்ளலாம். பில் போடும் மேசையில் முடிவு செய்ய வேண்டிய அவசரம் இல்லை. பதினொன்றாவது மாதம் வரை பாருங்கள். அதற்குள் இரண்டு முறை சர்வீஸ் போயிருந்தால் எடுங்கள்.

ஸ்கிரீன் விஷயத்தில் உங்கள் மைத்துனர் சொல்வது முழுக்கத் தப்பில்லை. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் கறுப்பு நிஜமாகவே கறுப்பு. வீடியோ எடிட்டிங் படிக்கிற பிள்ளை என்றால் நானே சரி என்பேன். உங்கள் மகள் பார்க்கப்போவது எக்ஸெல். நாள் முழுக்க வெள்ளைத் தாள், மேலே நகராத மெனு, கீழே நகராத டாஸ்க்பார். வெள்ளைப் பின்னணியில்தான் ஓஎல்இடி அதிக மின்சாரம் தின்னும். நகராத படம் வருடக்கணக்கில் நின்றால் தழும்பு விழக்கூடிய திரையும் அதுதான். டச் ஸ்கிரீன் பெரும்பாலும் கண்ணாடி போல் பளபளக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கணக்கைவிட முகம்தான் நன்றாகத் தெரியும்.

அவளுக்குத் தேவை ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத எல்சிடி திரை), 300 நிட்ஸுக்குக் (திரை வெளிச்சத்தின் அலகு) குறையாத வெளிச்சம், பளபளப்பில்லாத மேற்பரப்பு. முடிந்தால் 1920×1200 புள்ளிகள். உயரத்தில் வழக்கமான 1080 புள்ளி வரியைவிட 120 வரி கூடுதல், எக்ஸெலில் நாலைந்து வரிசை அதிகமாகத் தெரியும். விவரத்தாளில் ‘45% என்டிஎஸ்சி’ (திரை காட்டும் வண்ணங்களுக்கான ஓர் அளவுகோல்) என்று இருந்தால் வண்ணம் வெளிறியிருக்கும் என்று அர்த்தம். கணக்குப் பாடத்துக்கு அது குற்றமில்லை, ஆனால் விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். 4கே என்கிற, இதைவிடப் பல மடங்கு புள்ளிகள் உள்ள திரையெல்லாம் இந்த அளவில் பேட்டரிக்குத்தான் கேடு. ஏஐ லேப்டாப் என்ற ஸ்டிக்கருக்கு ஒரு பைசா கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கொடுப்பதானால் 16 ஜிபி ரேமுக்குக் கொடுங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், பின்னால் கூட்ட முடியாது.

உடைந்தால் ஈடு தரும் அந்த 8 மட்டும் யோசிக்க வேண்டிய செலவு. சாதாரண ஸ்கிரீன் மாற்ற 25, ஓஎல்இடி டச் என்றால் 40 என்று சர்வீஸ் சென்டரில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உயர்ந்த ஸ்கிரீன் வாங்குகிறவருக்கு உடையும் பயமும் உயர்ந்த விலையில் வருகிறது, அந்தப் பயத்துக்கு ஒரு திட்டம், திட்டத்துக்கு வட்டி. சாதாரண ஸ்கிரீனில், ரொக்கத்தில், 25-க்கு 8 என்பது உடைவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு இருந்தால் தகும் பந்தயம். இரண்டு போன் உடைத்த பிள்ளைக்கு அது அநியாயமில்லை. ஒரு வருடத்துக்கு மட்டும் கிடைத்தால் எடுங்கள். திரவம் கொட்டினால் வருமா, முதல் தடவை நம் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீபோர்டு மேல் பேனாவை வைத்து மூடுவது, மூடியின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்குவது, இந்த இரண்டையும் மகளிடம் சொல்லிவையுங்கள். கேமராவை மறைக்கும் தடிமனான ஸ்லைடர்கூட ஸ்கிரீனை விரிசல் விடச் செய்யும். 2020-இல் ஆப்பிள் நிறுவனமே மேக்புக் வைத்திருப்பவர்களை இதுபற்றி எச்சரித்தது.

இனி செய்ய வேண்டியது. மாதம் 6.75 கட்டத் தயாராக இருந்தீர்கள் அல்லவா, அதை இந்த மாதமே தனியாக எடுத்துவையுங்கள். மூன்று மாதத்தில் 20. கையிலிருக்கும் 80-ஓடு சேர்த்தால் 100, முழு ரொக்கம். ஈட்டுத் திட்டம் எடுப்பதானால் அந்த 8-ஐ ரொக்கத் தள்ளுபடி பேசிச் சரிக்கட்டப் பாருங்கள். வாங்கிய பிறகும் அதே 6.75-ஐ மாதாமாதம் போட்டுவந்தால், கலைத்த 80 சரியாக 12 மாதத்தில் திரும்பிவிடும்.

டப்பாவைப் பிரித்த அன்றே முழுத் திரையில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒரு புள்ளி செத்திருந்தால், ஓரிரண்டு புள்ளிக்கெல்லாம் வாரண்டி கிடையாது என்று பல நிறுவனங்கள் கைவிரித்துவிடும். திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் கடையில் மாற்றுவதுதான் வழி. மைத்துனரையும் அப்போது கூட்டிக்கொண்டு போங்கள். பேரம் பேச ஆள் தேவைப்படும்.