நைட் முடிச்சிட்டு வந்து ஆன்லைன் கிளாஸா?

கேள்வி: அக்கா, நான் பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ், வீடு வியாசர்பாடி. மாசாமாசம் ஜூம்ல ட்ரெயினிங் வைக்கிறாங்க, இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல், மருந்து பாதுகாப்புன்னு. எப்பவும் மத்தியானம் 2 மணி. டியூட்டில இருக்குறவங்களுக்கு அது அடுத்த ஷிஃப்ட்கிட்ட பேஷண்ட ஒப்படைக்கிற ஹேண்டோவர் நேரம், நைட் பாத்தவங்களுக்கு தூங்குற நேரம். வரலைன்னா "உங்களுக்கு ஆர்வமே இல்ல"ன்னு மீட்டிங்ல வச்சு கேக்குறாங்க. எனக்கு கத்துக்க ஆசைதான் அக்கா. என்ன பண்ண? (பெயர் வேண்டாம்)

பதில்: ஆர்வம் இல்லன்னு சொல்றதுக்கு காசு செலவில்லம்மா, வார்டுக்கு ஒரு ஆள் கூட போடணும்னாதான் செலவு, அதான் உன் தலைல கட்டுறாங்க. 2 மணிக்கு பெட் பெட்டா போய் யாருக்கு எந்த ட்ரிப்ஸ் லைன் ஓடுது, அடுத்த டோஸ் எப்போன்னு ஒப்படைக்கணும், பூட்டி வைக்கிற நார்கோடிக் வலி மருந்து ஆம்பியூல எண்ணி சாவி மாத்தணும், அந்த நேரத்துல ஒரு காதுல இயர்போன மாட்டிக்கிட்டு மருந்து பாதுகாப்பு கிளாஸ் கேளுன்னா, மருந்து மாறிப் போறதுக்கு அந்த கிளாஸே காரணமாயிடும். இதுல இன்னொரு கூத்து, வார்டுல போன் எடுக்கக் கூடாதும்பாங்க, கிளாஸ் லிங்க் மட்டும் வாட்ஸ்அப்லதான் வரும், டேட்டாவும் நம்ம காசு. சரி வீட்டுக்குப் போய் பாக்கலாம்னு கிளம்பினா கொருக்குப்பேட்டை கேட்டு போட்டிருப்பான், ஷேர் ஆட்டோல உக்காந்து நெட்வொர்க் வந்து வந்து போகும்.

இந்தியன் நர்சிங் கவுன்சில் கணக்குப்படி நர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன ரினியூவல் பண்ண 5 வருஷத்துக்கு 150 மணி நேரம் தொடர்கல்வி. பிரிச்சுப் பாரு, மாசத்துக்கு ரெண்டரை மணி நேரம்தான். ரெண்டரை மணி நேரத்த ரோஸ்டர்ல ஒதுக்க முடியாதா என்ன? அதனால புலம்பாம நாலஞ்சு பேர் சேர்ந்து நர்சிங் சூப்பரிண்டெண்டுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. ஆஃப் குறிக்கிற மாதிரி ட்ரெயினிங்கையும் ரோஸ்டர்ல குறிக்கணும், அந்த நேரம் பெட்ட யார் பாக்குறாங்கன்னு பேரும் இருக்கணும், ஒரே கிளாஸ ரெண்டு தடவை வைக்கணும், நைட் முடிச்சவங்க ரெக்கார்டிங் பாத்துட்டு அப்புறமா க்விஸ் எழுதலாம்னு. ஆஸ்பத்திரிக்கு என்.ஏ.பி.எச்.ங்கிற தர அங்கீகாரம் வேணும்னா ஸ்டாஃப் ட்ரெயினிங் ரெக்கார்டு காட்டணும், அதனால அவங்களுக்கும் இது தேவைதான், அத ஞாபகப்படுத்து. அப்புறம் அந்த கிளாஸுக்கு கிரெடிட் உண்டா, அதாவது அந்த 150 மணி நேரக் கணக்குல சேருமான்னு முதல்லயே கேட்டுக்கோ. இல்லன்னா மணிக்கணக்கா உக்காந்தும் ரினியூவலுக்கு உதவாது.

கேள்வி: நான் தண்டையார்பேட்டைல இன்சார்ஜ் சிஸ்டர். நேரமெல்லாம் ஒதுக்கித்தான் குடுக்குறோம், அப்பவும் எல்லாரும் மியூட், கேமரா ஆஃப். இதுக்கு என்ன சொல்றீங்க?

பதில்: பாதி குறை ஸ்லைடுல இருக்கு சிஸ்டர். அமெரிக்காவுல நியூ மெக்சிகோல சஞ்சீவ் அரோரான்னு ஒரு டாக்டர் 2003ல எக்கோன்னு ஒண்ணு ஆரம்பிச்சார், ஹெபடைட்டிஸ் சி-க்காக. சின்ன ஊர் கிளினிக்காரங்க வீடியோல வந்து தங்களோட கேஸயே சொல்லி ஸ்பெஷலிஸ்ட் கிட்ட கேப்பாங்க. நம்ம ஊர்ல பெங்களூரு மனநல ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ்கூட அந்த முறைல நடத்துது. நீங்களும் உங்க வார்டு கேஸ்லயே ஆரம்பிங்க, யூரின் கத்தீட்டர் போட்டு நாலாம் நாள் ஜுரம் வந்துச்சே, அந்த மாதிரி ஒண்ணு. போட்டது யாருன்னு மட்டும் அங்க கேட்டுடாதீங்க, கேட்டா அடுத்த மாசமும் மியூட்தான்.