கதையில் அழகாக வர்ணித்த பாத்திரத்துக்கு வேறு மாதிரி நடிகர் வந்தால் ரசிகர்கள் ஏன் இவ்வளவு கோபப்படுகிறார்கள்?

கோபப்படுவது சரிதான். ஆனால் அந்தக் கோபம் ஒரு பக்கமாகத்தான் வருகிறது என்பது என் குறை.

நான் களியக்காவிளைக்காரன். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் சித்தப்பா குடும்பம். 2022-இல் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது எங்கள் வீட்டில் பெரிய வழக்கே நடந்தது. நந்தினிக்கு வட்ட முகம், பொன்னிறம். குந்தவைக்குச் சற்று நீண்ட முகம், செந்தாமரை நிறம் என்று கல்கி இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கிறார். ஐஸ்வர்யா ராயையும் திரிஷாவையும் அதோடு ஒப்பிட்டு மாமா மதிப்பெண் போட்டார். உண்மையில் அவர் ஒப்பிட்டது கல்கியின் எழுத்தோடுகூட இல்லை, 1950-இல் தொடர் தொடங்கியபோது மணியம் வரைந்த படங்களோடு. குள்ளமாக, குண்டாக இருக்க வேண்டிய ஆழ்வார்க்கடியானுக்கு உயரமான ஜெயராமா என்று அடுத்த ரவுண்டு. சித்தப்பா மகள் நாவலைப் படித்தவள் இல்லை. "நம்ம ஜெயராமேட்டன் வயிறும் குடுமியுமா எவ்வளவு நல்லா இருக்காரு!" என்று சிரித்துக்கொண்டே பார்த்தாள். மனதில் முன்கூட்டி ஒரு முகம் இல்லாதவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

சரி, இதே ஆட்கள் வேறு இடத்தில் ஏன் வாயைத் திறப்பதில்லை? மலையாள எழுத்தாளர் தகழியின் 'செம்மீன்' நாவல் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நாகர்கோவில் சுந்தர ராமசாமிதான் தமிழுக்குக் கொண்டுவந்தார். கதாநாயகி பெயரே கறுத்தம்மா. 1965 படத்தில் ஷீலா. நன்றாக நடித்தார், அதில் தகராறு இல்லை. ஆனால் கடற்கரைக் கறுத்தம்மா ஏன் இவ்வளவு வெளுப்பு என்று எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதே படத்தில் பழனியாக வந்த சத்யன் நல்ல கறுப்பு. ஆணுக்கு அது தடையே இல்லை. இங்கே ரஜினி, விஜயகாந்த் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வியாசர் திரௌபதியைக் கறுப்பழகி என்றுதான் சொல்கிறார். தொலைக்காட்சி மகாபாரதம் எதிலும் கறுத்த திரௌபதியை நான் கண்டதில்லை, அதற்காக யாரும் எங்கள் தெருவில் டிவியை அணைக்கவும் இல்லை.

ஆக, வர்ணனையில் வெளுப்பு இருந்து நடிகை கொஞ்சம் மாநிறமாக வந்தால் 'மூலத்துக்குத் துரோகம்'. கறுப்பு என்று இருந்து வெளுப்பாக வந்தால் 'சினிமான்னா அப்படித்தான்'. மூலத்தின் மேல் அவ்வளவு பக்தி இருந்தால் இரண்டுக்கும் கத்த வேண்டும். ஆழ்வார்க்கடியானின் உயரத்துக்குச் சண்டை போட்ட மாமாவிடமே இதைச் சொன்னேன். "அது கேரளாக்காரன் கதை, நமக்கு என்னடே" என்று முடித்துவிட்டார். சித்தப்பா மகள் விடவில்லை. இப்போது செம்மீனை மறுபடி எடுத்தால் நல்ல கறுப்பான பெண்ணைத்தான் போட வேண்டும் என்றாள். சித்தி அடுக்களையிலிருந்தே கேட்டார்: "பின்னே டிக்கெட் யாரு எடுப்பா?"