எழுத்தாளர் வருவதற்கு முன் ஒரு பாட்டைச் சத்தமாகப் படியுங்கள்

கேள்வி: அக்கா, நான் மலேசியாவில், கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் இருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஏழு பேர் மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம் தொடங்கினோம். ஒரு மாதம் பழைய இலக்கியம், மறு மாதம் நம் நாட்டு எழுத்தாளர் ஒருவரோடு சந்திப்பு என்று திட்டம். முதல் கூட்டத்துக்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒரு மணி நேரம் சிலப்பதிகாரத்தின் பெருமையைப் பேசினார். ஒரு வரிகூட யாரும் படிக்கவில்லை. எழுத்தாளர் வந்த மாதம் இன்னும் மோசம். பொன்னாடை, பாராட்டு, செல்ஃபி எல்லாம் ஆனது. கடைசியில் அவர், “என் கதை எதையாவது படித்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். எல்லாரும் தே தாரிக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பழையதை விட்டுவிட்டுப் புதியதை மட்டும் படிக்கலாமா? எங்களில் பாதிப் பேருக்குத் தமிழைச் சத்தமாகப் படிக்கவே கூச்சம். எழுத்தாளரிடம் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.
– செத்தாப்பாக் வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

அந்த எழுத்தாளர் உங்களைக் குத்திக்காட்டக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் ஊர் நூல் வெளியீடுகளைப் பார்த்திருப்பீர்கள். டத்தோ பட்டம் பெற்ற பிரமுகர் ஒருவர் முதல் நூலை வாங்குவார். அப்புறம் பெயர் கூப்பிடக் கூப்பிட ஆள்கள் வரிசையாக மேடையேறி, உறையைக் கொடுத்துப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்ப்பார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சொந்தக் காசு போட்டு அச்சடித்தவருக்கு அச்சகக் கடன் அடைய வேறு வழி ஏது? ஆனால் அப்படி வாங்கிய புத்தகங்களில் எத்தனை வீட்டில் பிரிக்கப்படுகின்றன என்பது அவருக்கும் தெரியும். படித்துவிட்டு வந்த ஏழு பேர் எதிரில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு அது பொன்னாடையைவிடப் பெரிய விஷயம்.

பழையதை விட வேண்டாம். ஒரு மாதம் அது, ஒரு மாதம் இது என்று நீங்கள் பிரித்துவைத்ததில்தான் சிக்கல் இருக்கிறது. அப்படிப் பிரித்தவுடனே பழையது பாடமாகிவிடுகிறது, புதியது பாராட்டு விழாவாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே உட்காரலில், ஒரே மேசையில் வையுங்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். பட்டினப்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள். 301 அடி, முழுவதையும் படிக்கச் சொல்லவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தின் தெருவில் குவிந்து கிடக்கும் சரக்குகளைச் சொல்லும் பகுதி மட்டும் போதும். கடல் வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு மூட்டை, குடமலைச் சந்தனமும் அகிலும், தென்கடல் முத்து, கங்கை வாரி, காவிரிப் பயன் என்று அடுக்கிக்கொண்டே போய், ‘ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்’ என்று ஒரு வரி வரும். காழகம் என்றால் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். கடாரம் என்றால் நம் கெடா மாநிலம். இல்லை, அது பர்மா என்று சொல்கிறவர்களும் உண்டு. 1786-இல் ஆங்கிலேயர் கைக்குப் போகும்வரை பினாங்குத் தீவும் கெடாவைச் சேர்ந்ததுதான். உங்கள் குழுவில் கெடாவின் சுங்கைப்பட்டாணி ஊர்க்காரர் ஒருவராவது இருப்பார். அந்த வரியை அவரைப் படிக்கச் சொல்லுங்கள், பேச்சு தானாகக் கிளம்பும்.

அதே நாளில் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலிலிருந்து சில பக்கங்கள். சிங்காரம் இளம் வயதில் சுமத்ரா தீவின் மேடான் நகரில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் காலத்து மேடானும் பினாங்கும், செட்டியார் வட்டிக்கடைகளும், தொங்கான் என்னும் மரக்கலத்தில் மலாக்கா நீரிணையைக் கடக்கும் ஆள்களும் அந்த நாவலில் நடமாடுகிறார்கள். அதன் பாத்திரங்கள் பழந்தமிழ்ப் பாட்டுகளை வம்புக்கு இழுத்துச் சிரிக்கிறவர்கள் வேறு. பட்டினப்பாலையில் சரக்கு வந்து இறங்குகிறது, சிங்காரத்தில் மனிதர்கள் வந்து இறங்குகிறார்கள். அடுத்தடுத்துப் படித்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும், உரையாளர் யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு ஜோடி, கொஞ்சம் கனமானது. புறநானூற்றின் 112-ஆம் பாட்டு, ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்’. பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. போன மாத நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான் பாட்டு. அதோடு சயாம் மரண ரயில் பற்றி நம்மவர்கள் எழுதிய நாவல் ஒன்றை வையுங்கள். அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ இருக்கிறது, கோ. புண்ணியவானின் ‘கையறு’ இருக்கிறது. 1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட ஜப்பானியர்கள் நம் தோட்டங்களிலிருந்து ஆள்களை அள்ளிக்கொண்டு போனார்கள். தாத்தா போனார், திரும்பவில்லை என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. உங்கள் ஏழு பேரில் யாராவது வாயைத் திறப்பார்கள் பாருங்கள். அன்றைக்கு எழுத்தாளர் யாரும் வராவிட்டால்கூடப் பரவாயில்லை.

சரி, சத்தமாகப் படிக்கிற கூச்சம். அதற்கு நான் சிலப்பதிகாரத்துக்கே போகச் சொல்வேன், ஆனால் முப்பது காதைகளுக்கும் அல்ல. இருபதாவது, வழக்குரை காதை. அது கிட்டத்தட்ட ஒரு நாடகம். கெட்ட கனவு கண்ட பாண்டிமாதேவி, வாசலில் நிற்பவளைப் பார்த்து மிரண்டு ஓடிவரும் காவலன், அரசன், கண்ணகி என்று ஆளுக்கொரு குரல் கொடுங்கள். கதை சொல்லும் அடிகளை ஐந்தாவது ஆள் படிக்கட்டும். ‘தேரா மன்னா செப்புவ துடையேன்’ என்ற அடியைக் கூச்சத்தோடு படிக்க யாராலும் முடியாது. படிக்கும்போதே குரல் ஏறிவிடும். அப்புறம் வழக்கு திரும்புகிற இடத்தைக் கவனியுங்கள். கண்ணகி, என் சிலம்பின் பரல், அதாவது உள்ளே இருக்கும் மணி, மாணிக்கம் என்கிறாள். அரசன் ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’ என்கிறான். அந்த ஒரே வரியில் தன் தோல்விக்கான சாட்சியைத் தானே கொடுத்துவிடுகிறான், அது தெரியாமலேயே. சிலம்பு உடைவதற்கு முன்னால் இங்கே நிறுத்தி, அரசன் நல்லவனா முட்டாளா என்று கேளுங்கள். சண்டை நடக்கும். நடக்கட்டும்.

பதம் பிரித்த பதிப்பை வைத்துக்கொண்டால் பாதித் தடுமாற்றம் போய்விடும். சீர்படி அச்சடித்ததை முதன்முதலாகப் பார்க்கிறவர் எங்கே சொல் முடிகிறது என்று தெரியாமல்தான் திணறுகிறார், அவர் தமிழில் குறை ஒன்றும் இல்லை. மூல வரிகள் மதுரைத் திட்டத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் இலவசமாகக் கிடைக்கும். வேண்டிய பகுதியை எடுத்துப் பிரித்து எழுதி, பெரிய எழுத்தில் அச்செடுத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். ஆறாம் வகுப்போடு தமிழ் நின்றுபோனவர்கள் இருந்தால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும். பாட்டு காதுக்காகப் பிறந்ததுதானே.

ஆசிரியர் ஐயாவை வர வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவரிடம் உரை இருக்கும், உங்களிடம் இல்லை. “ஐயா, நாங்கள் படித்துக்கொண்டே வருகிறோம், முட்டுகிற இடத்தில் உங்களைக் கேட்கிறோம்” என்று முதலிலேயே சொல்லி, உரைப்புத்தகத்தை அவர் மடியில் கொடுத்துவிடுங்கள். கேட்டால் சொல்கிற இடத்தில் இருக்கும் பெரியவர் தங்கமாக நடந்துகொள்வார். மைக்கைக் கொடுத்தால்தான் ஆபத்து.

எழுத்தாளரிடம் என்ன கேட்பது? ‘கரு எப்படிக் கிடைத்தது’, ‘இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்’ இரண்டையும் தடை செய்யுங்கள். அவரே தூக்கத்தில் பதில் சொல்லிவிடுவார். கதையில் ஓர் இடத்தைப் பிடித்துக் கேளுங்கள். ‘தோட்டத்து லயத்து வீடுகளை இடிக்க வந்த நாளில் அந்தக் கிழவி ஏன் கோழிக்கூண்டை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறாள்?’ என்பது மாதிரி. பிடிக்காததையும் சொல்லலாம், எந்த இடத்தில் பிடி நழுவியது என்று காட்டத் தெரிந்தால் போதும். ‘எனக்குப் புரியவில்லை’ என்பது நல்ல கேள்வி. ‘இதைவிட உங்கள் முதல் புத்தகம் நன்றாக இருந்தது’ என்பது கேள்வியே இல்லை, அதை வீட்டுக்குப் போகும் வழியில் பேசிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தின் முதல் பாதியில் நீங்கள் படியுங்கள், அவர் உட்கார்ந்து கேட்கட்டும். தன் வரியை இன்னொருவர் வாயில் கேட்பது எழுதுகிறவர்களுக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். அப்புறம் அவர் பேசட்டும். ஒரு மாதம் முன்பே அவரிடமே ஏழு பிரதியையும் விலை கொடுத்து வாங்குங்கள். ஒன்றை வாங்கி ஆறு போட்டோஸ்டாட் எடுக்கிற வேலை வேண்டாம். பழம்பாட்டுக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை, இவர் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஈப்போவிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வருகிறவர் என்றால் பெட்ரோல், டோல் செலவை உறையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். பொன்னாடைக்கு வைத்திருந்த பணம் அதற்குப் போகட்டும்.

மறைந்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எழுத்தாளர் ரெ. கார்த்திகேசுவை இனி அழைக்க முடியாது. அவரிடம் படித்தவர்கள், அவரோடு வாதாடியவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரைக் கூப்பிட்டால் எழுத்தாளர் சந்திப்புக்குக் குறைவில்லாத மாலை கிடைக்கும்.

இடம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கோலாலம்பூர் சோமா அரங்கம் மாதிரி பெரிய மண்டபம் இப்போது வேண்டாம். ஏழு பேரை அங்கே உட்காரவைத்தால் ஏழு பேரும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். யார் வீட்டு வரவேற்பறையாவது போதும், சாப்பாடு மட்டும் படித்து முடிந்த பிறகு வரட்டும். மீ கோரேங் வாசனை வந்துவிட்டால் கண்ணகியே வந்தாலும் யாரும் திரும்ப மாட்டார்கள். தைப்பூசம், தீபாவளி மாதங்களில் கூட்டம் வைக்காதீர்கள், ஆள் சேராது. செல்ஃபியை இரண்டாம் பாதி முடிந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள்.