காபி மட்டும் போதுமா?

கேள்வி: எங்களுக்கு 2 ஏக்கர் காபித் தோட்டம்தான். வருஷத்துக்கு ஒரே பறிப்பு, மற்ற மாதங்களில் கையில் காசில்லை. செடிகளைப் பிடுங்கிவிடலாம் என்கிறான் மகன். என்ன செய்வது?

பதில்: அவசரப்படாதீர்கள். பிடுங்கிவிட்டு மறுபடி நட்டால் காய்ப்புக்கு வரவே 3, 4 வருஷம் ஆகும். நிழல் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றுங்கள், அது தனி வருமானம். அப்புறம், பச்சையும் பழமுமாகக் கொத்தோடு உருவாமல், நன்றாகச் சிவந்த பழத்தை மட்டும் திருகிப் பறித்து, அன்றைக்கே களத்தில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறிக் காயவைத்தால் தரம் கூடும், விலையும் தைரியமாகப் பேசலாம். மகன் வெளியே வேலைக்குப் போகட்டும், அதில் தப்பே இல்லை. வரவுசெலவு நோட்டை மட்டும் அவனிடம் கொடுங்கள். வீட்டுப் பெண்களின் உழைப்பையும் கூலியாக அதில் எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் உண்மையான லாபம் தெரியும்.