காட்டில் தன்னந்தனியாக ஒரு பெண்ணால் வாழ முடியுமா? நைஃப் ஏரியின் டோரதி

கேள்வி: சாலை, மின்சாரம், அக்கம்பக்கம் எதுவும் இல்லாத காட்டில் ஒரு பெண் பல ஆண்டுகள் தனியாக வாழ்வது உண்மையில் நடக்கக்கூடியதா? தனிமையே ஆளைத் தின்றுவிடாதா?

நடந்திருக்கிறது. அப்படி வாழ்ந்தவர் இருந்த இடத்தை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் பெயர் டோரதி மோல்ட்டர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய நைஃப் ஏரியில், 3 குட்டித் தீவுகளில் அவருடைய வாழ்க்கை கழிந்தது. 1930இல் முதன்முதலாக அங்கே வந்தார். 1986இல் அங்கேயே இறந்தார்.

அந்தப் பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியாது. பவுண்டரி வாட்டர்ஸ் என்று பெயர். 10 லட்சம் ஏக்கருக்கு மேல் பரப்பு, ஆயிரத்துக்கும் அதிகமான ஏரிகள். நடுவில் சாலையே கிடையாது. பெரும்பாலும் கனூ எனப்படும் ஒல்லியான துடுப்புப் படகில்தான் போக வேண்டும். ஒரு ஏரி முடிகிற இடத்தில் படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தோளில் தாங்கிக்கொண்டு, காட்டுப்பாதை வழியாக அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும். அந்தப் பாதைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். அதன் நீளத்தை அங்கே மீட்டரில் சொல்வதில்லை, 'ராடு' என்ற பழைய அளவில் சொல்கிறார்கள். ஒரு ராடு பதினாறரை அடி, ஏறக்குறைய ஒரு கனூவின் நீளம். கேட்கும்போது சின்னதாகத்தான் தெரியும். முதுகில் மூட்டை, தோளில் 20 கிலோ படகு, காதைச் சுற்றிக் கொசு என்று 40 ராடு நடந்தால் அளவு புரிந்துவிடும்.

மூஸ் ஏரியில் தொடங்கினால் நியூஃபவுண்ட், சக்கர், பர்ச், கார்ப், மெலன், சீட் என்று ஏரி ஏரியாகக் கடந்து நைஃப் ஏரிக்கு வர வேண்டும். சுமார் 15 மைல், 5 போர்ட்டேஜ். நாங்கள் 4 பேர் 2 படகுகளில் ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டோம். டோரதி இதே வழியில் சாமான் சுமந்து வருவதும் போவதுமாக இருந்திருக்கிறார், எழுபது வயதுக்கு மேலும்.

அவர் பிறந்தது 1907இல், பென்சில்வேனியாவில். ஏழு வயதில் தாயை இழந்தார், கொஞ்ச காலம் அனாதை இல்லத்தில் இருந்தார், பிறகு சிகாகோவில் நர்ஸ் படிப்புப் படித்தார். 1930இல் அப்பாவோடும் உறவினர்களோடும் மீன்பிடிக்கப் போன இடம்தான் நைஃப் ஏரி. அங்கே பில் பெர்க்லண்ட் என்பவர் 'ஐல் ஆஃப் பைன்ஸ்' என்று ஒரு மீன்பிடி விடுதி நடத்திக்கொண்டிருந்தார். டோரதிக்கு அந்த இடம் பிடித்துப்போனது. பொருளாதாரம் சரிந்துகிடந்த பெருமந்தத்தின் காலம், சிகாகோவில் நர்ஸ்களுக்கே வேலை கிடைப்பது கஷ்டம். 1930களின் நடுவில் தீவுக்கே குடிவந்துவிட்டார். பெர்க்லண்டுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது கடைசிவரை கவனித்துக்கொண்டார். 1948இல் அவர் இறந்தபோது விடுதி டோரதிக்கு வந்தது. தனி வாழ்க்கை என்று கணக்கெடுத்தால் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அப்போது அவருக்கு 41 வயது.

இனி உங்கள் கேள்வியின் முதல் பாதி, எப்படிச் சமாளித்தார் என்பது.

வெயில் காலத்தில் அவர் மரவீட்டில் தங்கவில்லை. வீடுகளை வந்தவர்களுக்கு விட்டுவிட்டு, தான் ஒரு கூடாரத்தில் இருந்தார். பனிக்காலத்துக்கு மட்டும் ஒரு கேபின். அங்கே பனிக்காலம் என்பது ஏறக்குறைய அரை வருடம். வெப்பம் மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போகும். ஏரி முழுவதும் கெட்டியாக உறைந்து கிடக்கும். விறகு வெட்டி அடுக்குவது, உறைந்த ஏரியில் துளை போட்டுத் தண்ணீர் எடுப்பது, பனிக்காலணி மாட்டிக்கொண்டு மைல் கணக்கில் நடப்பது, எல்லாம் தினப்படி வேலை. அதோடு இன்னொரு பெரிய வேலை, பனிக்கட்டி அறுப்பது. ஏரியிலிருந்து பெரிய பாளங்களாக அறுத்து இழுத்துவந்து ஐஸ் கொட்டகையில் அடுக்கி மூடி வைத்துவிட்டால், கோடை முழுவதும் தாங்கும். மின்சாரம் இல்லாத தீவில் அதுதான் குளிர்பதனப் பெட்டி.

அந்த ஐஸ் எதற்கு என்பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இருக்கிறது.

முன்பு மிதவை விமானங்கள் ஏரியில் வந்து இறங்கும். சோடா, குளிர்பானம் எல்லாம் அதில்தான் வரும். 1949 கடைசியில் அதிபர் ட்ரூமன் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். அந்தக் காட்டின் மேல் கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கீழே விமானம் பறக்கக் கூடாது. காட்டைக் காப்பதற்கு அது நல்ல உத்தரவு, எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் சில ஆண்டுகளில் அது முழுதாக நடைமுறைக்கு வந்ததும், டோரதிக்குச் சரக்கு வருவது நின்றது. கையில் இருந்தவை காலி பாட்டில்கள் மட்டும்.

அவர் அந்தப் பாட்டில்களிலேயே ரூட் பியர் தயாரிக்கத் தொடங்கினார். பெயரைப் பார்த்து மது என்று நினைத்துவிட வேண்டாம், அது வேர் மணமுள்ள ஒரு குளிர்பானம். சாஸஃப்ராஸ், சர்சபரில்லா போன்ற வேர்களின் சுவையில் பிறந்தது. நம்ம ஊர் நன்னாரிக்கும் ஆங்கிலத்தில் 'இந்தியச் சர்சபரில்லா' என்றுதான் பெயர். செடிகள் வேறு வேறு குடும்பம், ஆனால் முதல் வாய் குடித்ததும் எனக்கு நன்னாரி சர்பத்துதான் ஞாபகம் வந்தது. டோரதி சாரத்தையும் சர்க்கரையையும் வாங்கிச் சுமந்துவந்து, ஏரித் தண்ணீரில் கலந்து, கொஞ்சம் ஈஸ்ட் சேர்த்துப் பாட்டிலில் அடைத்து மூடிபோட்டு வைப்பார். சில நாட்களில் ஈஸ்ட் வேலை செய்து தானாகவே நுரை ஏறிவிடும். பிறகு ஐஸில் வைத்துக் குளிரவைத்தால் போதும்.

இரண்டு நாள் துடுப்புப் போட்டுக் கை காய்த்துப்போய் வருபவர்களுக்கு, நடுக்காட்டில் ஐஸ் போல ஒரு பாட்டில் கிடைத்தால் எப்படி இருந்திருக்கும்! சேதி பரவிவிட்டது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 11,000, 12,000 பாட்டில் வரை தயாரித்திருக்கிறார். வந்துபோனவர்கள் ஆண்டுக்கு 6,000, 7,000 பேர் வரை. படகு ஓடுவது நாலைந்து மாதம் மட்டுமே என்பதால், நாளுக்கு 40 பேருக்குக் குறையாது என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தனை பாட்டிலையும் ஒவ்வொன்றாகக் கழுவி, நிரப்பி, மூடி போட்டது ஒரு ஆள். ஊர் அவரை 'ரூட் பியர் லேடி' என்று கூப்பிடத் தொடங்கியது.

குடிக்க வந்தவர்கள் சும்மா வரவில்லை. சர்க்கரை மூட்டை தூக்கிவந்தார்கள், தபால் கொண்டுவந்தார்கள், ஐஸ் அறுக்கும் பருவத்தில் நண்பர்கள் வந்து உதவினார்கள். பயணத்தில் உடைந்துபோன துடுப்புகளை அவரிடம் விட்டுப்போனார்கள். அவற்றை வரிசையாக நட்டு வேலி கட்டினார். அந்தத் துடுப்புகளை இப்போது ஈலி என்ற சின்ன ஊரில் உள்ள அவருடைய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பெயர், ஊர், வருஷம் எல்லாம் எழுதியவை நிறைய. நான் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

1952இல் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' பத்திரிகை இவரைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு 'அமெரிக்காவிலேயே மிகத் தனிமையான பெண்' என்ற பொருளில் தலைப்புப் போட்டது. எனக்கு அந்தத் தலைப்பில் உடன்பாடு இல்லை. அவர் தனியாக இருந்தார், சரி. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தன்னைவிட அதிகமாகச் சுமை தூக்கி, அதிகமாக விறகு வெட்டுகிற ஆள் வந்தால் யோசிக்கலாம் என்று அவர் சொன்னதாக அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் ஆள் வரும் வழி தெரிகிற இடத்தில், வருகிறவருக்குக் கொடுக்க ஒன்றை வைத்துக்கொண்டு வாழ்ந்தவரை அந்தப் பெயரால் எப்படி அழைப்பது?

அவர் கொடுத்தது பானம் மட்டும் இல்லை. படித்த நர்ஸ் அல்லவா. கோடாரி பட்டவர்கள், சுட்டுக்கொண்டவர்கள், தூண்டில் முள் குத்தியவர்கள், எல்லோருக்கும் பல மைல் சுற்றளவில் அவர்தான் மருத்துவமனை. இதன் அருமை எனக்கு அங்கேதான் உறைத்தது. கார்ப் ஏரிக்கரையில் எங்களோடு வந்த தோழியின் கட்டைவிரலில் தூண்டில் முள் இறங்கிவிட்டது. முள்ளின் நுனியில் பின்பக்கமாக ஒரு கொக்கி உண்டு, அப்படியே இழுத்தால் சதையைக் கிழித்துக்கொண்டு வரும். செல்போன் சிக்னல் இல்லை. கரைக்குத் திரும்ப ஒரு நாள். முள்ளின் தண்டைத் தோலோடு கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, வளைவில் ஒரு தூண்டில் நூலைக் கோத்து வெடுக்கென்று இழுக்க வேண்டும் என்று புறப்படும் முன் படித்திருந்தேன். இரண்டு முறை கை நடுங்கி விட்டுவிட்டேன். மூன்றாம் முறை வந்துவிட்டது. 40 ஆண்டுகளுக்கு முன்பு என்றால் கட்டுப்போட்டு நைஃப் ஏரிவரை துடுப்புப் போட்டிருப்போம், அங்கே ஒரு அம்மா இருப்பார், பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில்.

அவரை அங்கிருந்து வெளியேற்றவும் பார்த்தார்கள். 1964இல் வந்த காட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தக் காட்டுக்குள் குடியிருப்போ வியாபாரமோ கூடாது. வனத்துறை நிலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னது. அவரிடம் ஒருமுறையாவது ரூட் பியர் குடித்தவர்கள் நாடு முழுவதும் இருந்தார்கள், மனுமேல் மனு போட்டார்கள். முதலில் 1975 வரை இருக்கலாம் என்றார்கள், பிறகு ஆயுள் முழுவதும் இருக்கலாம் என்று இறங்கிவந்தார்கள். வனத்துறையின் தன்னார்வலர் என்ற பெயரில் அவர் தங்கினார். விற்கக் கூடாது என்பதால் பாட்டிலுக்கு விலை வைக்காமல், கொடுப்பதை வாங்கிக்கொண்டார். இதே சலுகை இன்னும் ஒருவருக்குக் கிடைத்தது: பக்கத்து ஆட்டர்டிராக் ஏரியில் வாழ்ந்த பென்னி ஆம்ப்ரோஸ். அவர் 1982இல் இறந்த பிறகு அவ்வளவு பெரிய காட்டில் டோரதி மட்டும்தான் மிச்சம்.

அந்தக் காடு அவருக்கு முன்பு ஆளில்லாமல் கிடந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஏரிக்கு 'கத்தி' என்று பெயர் வந்ததே அங்கு கிடைக்கும் ஒருவகைக் கரிய கல்லால்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பூர்வகுடிகள் அந்தக் கல்லைச் செதுக்கிக் கருவிகள் செய்திருக்கிறார்கள்.

1986 டிசம்பரில் விறகு இழுத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து டோரதி இறந்தார். வயது 79. அடுத்த சில மாதங்களில், ஏரி உறைந்திருக்கும்போதே, நண்பர்களும் ஊர்க்காரர்களும் அவருடைய கேபின்களைக் கட்டை கட்டையாகப் பிரித்து, நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளிலும் ஸ்னோமொபைல்களிலும் ஏற்றி ஈலிக்குக் கொண்டுவந்து திரும்பக் கட்டினார்கள். அதுதான் 1993இல் திறந்த அருங்காட்சியகம். உள்ளே நுழைந்தால் தாழ்ந்த கூரை, அடுப்பு, சட்டிபானை, சுவரெங்கும் படங்கள். அவருடைய பெயரில் ரூட் பியரும் அங்கே விற்கிறார்கள்.

ஒரு பாட்டில் வாங்கிப்போய் அந்தத் தீவில் உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்பது என் ஆசை. முடியாது. அந்தக் காட்டுக்குள் கண்ணாடி பாட்டிலும் டின்னும் கொண்டுபோகத் தடை. அதனால் தீவில் கரையேறியபோது எங்களிடம் ஏரித் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. கட்டடம் எதுவும் இப்போது இல்லை. பைன் மரங்கள், பாறை, காற்று. படகை எங்கே இழுத்து ஏற்றுவது என்று தேடியபோது, பாறை வழுக்காமல் சரிவாக இறங்குகிற ஒரு இடம் கண்ணில் பட்டது. வந்தவர்கள் எல்லோரும் இங்கேதான் இறங்கியிருப்பார்கள் என்று தோழி கட்டுப்போட்ட விரலால் காட்டினாள். நாங்களும் அங்கேயே இறங்கினோம்.

ரூட் பியரைத் திரும்பும் வழியில், ஈலியில் காருக்குப் பக்கத்தில் நின்று ஆளுக்கொரு பாட்டில் குடித்தோம்.