யாகுஷிமாவில் மழை: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

யாகுஷிமா தீவில் நண்பர்களோடு மழையில் மலையேறியது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஜூன் மாதம் நாங்கள் நான்கு பேர் ஜப்பான் போகிறோம். யாகுஷிமாவுக்கு இரண்டு நாள் வைத்திருக்கிறோம். அது மழைக்காலம் என்று தெரிந்ததும் இரண்டு பேர் பின்வாங்குகிறார்கள். நனைவதற்கா இவ்வளவு தூரம் போக வேண்டும் என்கிறார்கள். நீங்களும் ஜோமோன் சுகி என்னும் அந்தப் பழம்பெரும் ஊசியிலை மரத்தைப் பார்க்காமல் பாதியிலேயே திரும்பினீர்கள். வருத்தமாக இல்லையா?

கே., கோவை

அன்புள்ள கே,

தயங்காமல் போங்கள். மழையில்லாத நாள் பார்த்துத்தான் போவேன் என்றால் யாகுஷிமாவுக்குப் போகவே முடியாது. அங்கே மாதத்துக்கு 35 நாள் மழை என்று ஜப்பானியர்கள் சொல்வார்கள். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் பெய்கிறது. அங்கே கடலோரத்திலேயே 4000, மலைக்குள் 8000க்கும் மேல். சின்னத் தீவுதான், ஆனால் மலை 1936 மீட்டர் உயரம். கடல்காற்று அதில் மோதி மேலேறிக் குளிர்ந்து அப்படியே கொட்டிவிடுகிறது.

அங்குள்ள சுகி மரங்களும் இந்த மழையில் வளர்ந்தவைதான். அடியில் கருங்கல், மேலே கொஞ்சம் மண். சத்து கிடைக்காததால் சுகி மரம் மிக மெதுவாக வளர்கிறது. வளையங்கள் நெருங்கி, பிசின் ஏறி, எளிதில் மக்காத மரமாகிறது. ஆயிரம் வயது தாண்டினால்தான் அதை யாகுசுகி என்பார்கள். அதற்குக் கீழே எல்லாம் 'கோசுகி', சின்ன சுகி. 900 வயது மரம்கூட அங்கே சின்னதுதான்!

ஜோமோன் சுகிக்குப் போய்வர 22 கிலோமீட்டர், பத்து மணி நேரம். விடியும் முன் பஸ் பிடித்து அரகாவாவில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். முதல் எட்டு கிலோமீட்டர், வெட்டிய மரங்களை ஏற்றிச் செல்லப் போட்ட பழைய ரயில்பாதை. தண்டவாளத்துக்கு நடுவே போட்ட பலகை வழுக்கியது. தொப்பியில் விழும் மழைச் சத்தத்தில் பக்கத்தில் வருபவள் பேசுவதுகூடக் கேட்கவில்லை. எங்களில் ஒருத்தி ஜீன்ஸ் போட்டிருந்தாள். காலையிலேயே கவனித்தேன், சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை என் வருத்தம்.

பாதை செங்குத்தாக ஏறத் தொடங்கியதும் வில்சன் அடிமரம் வரும். 1914-இல் அங்கே வந்த தாவர ஆய்வாளர் எர்னெஸ்ட் வில்சனின் பெயர். வெட்டி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் மக்கவில்லை. உள்ளே ஒரு அறை அளவுக்கு இடம். நுழைந்ததும் மழைச் சத்தம் சட்டென்று அடங்கியது. காலடியில் ஊற்று நீர் ஓடுகிறது, ஓரமாக ஒரு சின்னக் கோயில். ஒரு மூலையில் நின்று அண்ணாந்தால் மேலே தெரியும் வானம் இதய வடிவில் இருக்கும். அதன் வழியாக மழை உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

அங்கேதான் சோற்று உருண்டைப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஜீன்ஸ் போட்டிருந்தவளால் மட்டும் பிரிக்க முடியவில்லை. விரல்கள் மடங்கவே இல்லை. உதடு வெளுத்து, உடம்பு நடுங்கியது. ஜோமோன் சுகிக்கு இன்னும் ஒன்றரை மணி நேர ஏற்றம். முந்தின இரவே பேசி வைத்திருந்தோம்: யார் முடியாது என்றாலும் எல்லோரும் திரும்புவது. அதனால் விவாதமே இல்லை. சூடான தேநீரைக் கொடுத்து, என் கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டு இறங்கினோம். இறங்கும் வழியில் ஒரு மான், மழையைக் கண்டுகொள்ளாமல் தண்டவாளத்தின் மேல் நின்று மேய்ந்தது. நாங்கள் நான்கு பேரும் அது நகரும்வரை நின்றோம். அவள்தான் முதலில் சிரித்தாள்.

16 மீட்டர் சுற்றளவுள்ள அந்த மரத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான். இன்னொரு முறை போவேன். ஆனால் அன்று திரும்பியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்: ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம், நனைந்தால் காயாது, குளிர் ஏறிவிடும். மேல்சட்டை, கால்சட்டை இரண்டும் உள்ள மழையுடை, பிடிமானமுள்ள பூட்ஸ் எல்லாம் தீவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஒரு மாற்று உடையை பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முந்தின இரவே நால்வரும் முடிவு செய்துவிடுங்கள். கனமழையில் ஓடைகள் வேகமாக ஏறும். பாதையை மூடியிருந்தால் மறுபேச்சில்லாமல் அறைக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டாம் நாள் மழை குறைந்தால் ஷிராதானி பள்ளத்தாக்குக்குப் போங்கள், நடை குறைவு. பாசி அங்கே பாறை, வேர், விழுந்த மரம் என்று எதையும் விட்டுவைக்காது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு நுனியிலும் ஒரு துளி நிற்கும்.

போய்வந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா